பழத்தோலில் விளையும் புரதம்

காலை ஒன்பது மணிக்குத் தேக்கா நிலையத்துக்குச் சென்றிருக்கிறீர்களா? ஈரச்சந்தையின் பழக்கடைகளில் அப்போது வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஒருவர் அன்னாசியின் முள்கண்களைக் கத்தியால் சுற்றிச் சுற்றிச் செதுக்கி எடுப்பார். இன்னொருவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளைகளைப் பிரிப்பார். பழச்சாறு விற்பவர் பிழிந்த ஆரஞ்சுத் தோல்களைக் காலடியில் உள்ள வாளிக்குள் போட்டபடி இருப்பார். வாங்க வந்தவர்கள் பழத்தைப் பார்ப்பார்கள். நாம் அந்த வாளியைப் பார்ப்போம்.

அன்னாசியின் கொண்டை, தோல், நடுத்தண்டு ஆகியவற்றை நீக்கினால் பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். டுரியானில் பாதிக்கும் மேற்பட்டது தோலும் கொட்டையும்தான். அப்படியானால் சந்தைக்கு வரும் ஒவ்வொரு கூடை பழத்தோடும் கிட்டத்தட்ட அரைக்கூடை கழிவும் சேர்ந்தே வருகிறது என்று சொல்லலாம்.

அது எங்கே போகிறது? சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் 18 விழுக்காடு மட்டுமே மறுபயனீடு செய்யப்பட்டது. மற்றவை எரியாலைகளுக்குச் சென்றன. பழத்தோலின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை எரிக்க முடியாது. முதலில் அதை ஆவியாக்க வேண்டும். ஈரமான குப்பையை எரிக்கும்போது உலையின் வெப்பத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடுகிறது. எரித்தபின் எஞ்சும் சாம்பல் படகில் ஏற்றப்பட்டு, புலாவ் செமாக்காவ் தீவில் உள்ள குப்பை நிரப்பும் இடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. நமக்கு இருப்பது அந்த ஓர் இடம்தான்.

தேக்காவின் பழைய பெயரை எண்ணிப் பார்த்தால் இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ப் பெயரின் பொருள் எருமைக் கொட்டில். சந்தையை ஒட்டிய சாலைகளுள் ஒன்றுக்கு இன்றும் பஃபலோ சாலை என்று பெயர்; மற்றொன்று கெர்பாவ் சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. எள் ஆட்டும் செக்குகளும் கோதுமை அரைக்கும் கொட்டகைகளும் அன்னாசி பதப்படுத்தும் தொழிற்சாலைகளும் அதே வட்டாரத்தில் தோன்றின. எள்ளை ஆட்டினால் புண்ணாக்கு எஞ்சும். கோதுமையைச் சலித்தால் தவிடு எஞ்சும். இரண்டும் மாட்டுக்குத் தீவனம். ஒரு தொழிலின் மிச்சம் அடுத்த தொழிலுக்கு உணவாகும் வாய்ப்பு அந்தத் தெருக்களிலேயே இருந்தது.

பிற்காலத்திலும் அந்தச் சங்கிலி முழுமையாக அறுந்துவிடவில்லை. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கம்பத்திலோ தொடக்ககால அடுக்குமாடி வீட்டிலோ வாழ்ந்தவர்களாக இருந்தால், பன்றிப் பண்ணைக்காரர் தகர டின்னுடன் வந்து வீட்டு மிச்சங்களை வாங்கிச்சென்றதை அவர்கள் நினைவுகூரலாம். பொங்கோல் போன்ற இடங்களில் பன்றி வளர்ப்பு நடந்துவந்தது. நிலமும் நீரும் மாசடைவதால் அதை நிறுத்திவிட அரசாங்கம் 1984இல் முடிவெடுத்தது. 1990 வாக்கில் அத்தொழில் இங்கு முடிவுக்கு வந்தது. அதோடு மிச்சத்தை வாங்கிச்செல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

சரி, இன்றும் சிங்கப்பூரில் முட்டைக் கோழிப் பண்ணைகள் இருக்கின்றன. ஜொகூர் நீரிணையில் மீன் பண்ணைகள் மிதக்கின்றன. தேக்காவின் அன்னாசித் தோலை அரைத்து அவற்றுக்குப் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் அவை வளரமாட்டா. கோழிக்கும் மீனுக்கும் வேண்டியது முதன்மையாகப் புரதம். எள்ளுப் புண்ணாக்கை உலர்த்தி அளந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புரதம் இருக்கும். சோயாப் புண்ணாக்கில் அது 45 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். மீன்தூளில் 60 விழுக்காட்டையும் தாண்டும். பழத்தோலிலோ பொதுவாக 10 விழுக்காடுகூட இருப்பதில்லை. எஞ்சியவை சர்க்கரை, பெக்டின், நார். நாரை மாடு அசைபோட்டுச் செரிக்கும். அதன் இரைப்பையில் அதற்கென்றே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கோழிக்கும் மீனுக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே பழத்தோல் அவற்றின் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது.

இங்கேதான் பூஞ்சை உதவிக்கு வருகிறது. ‘பூஞ்சை’ என்றதும் பழைய ரொட்டியில் படரும் பச்சைப் புள்ளிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் நீங்கள் பூஞ்சையை விரும்பியே சாப்பிட்டிருப்பீர்கள். உணவங்காடி நிலையத்தில் நாசி பாடாங் கடையில் தெம்பே வாங்கியதுண்டா? வேகவைத்த சோயா மொச்சையின்மீது ரைசோபஸ் என்னும் பூஞ்சையைத் தூவி, ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். வெண்ணிற இழைகள் படர்ந்து மொச்சைகளை ஒரே கட்டியாகப் பின்னிவிடும். கத்தியால் வெட்டினாலும் உதிராமல் இருப்பதற்கு அந்த இழைகளே காரணம். சாதத்தோடு நாம் அவற்றையும் சேர்த்துத்தான் உண்கிறோம்.

“இட்லி மாவும் புளிக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?” என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் நொதித்தல்தான். ஆனால் இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுக்கு உண்டு. அங்கே நமக்கு வேண்டியது புளிப்பும் மென்மையும். தீவனத்துக்கான நொதித்தலில் நமக்கு வேண்டியது பூஞ்சையின் உடலே. பூஞ்சை வளர வளர அதன் இழைகள் பெருகும். அந்த இழைகளில் புரதம் நிறைய உண்டு.

பூஞ்சை உண்ணும் முறை விந்தையானது. நாம் உணவை விழுங்கிவிட்டு உள்ளே செரிக்கிறோம். பூஞ்சையோ வெளியிலேயே செரித்துவிட்டு, பிறகு உறிஞ்சுகிறது. அது தன் இழைகளின் நுனியிலிருந்து நொதிகளைச் சுரந்து தோலின்மீது விடும். ஒரு நொதி பெக்டினை உடைக்கும். மற்றொன்று நாரை உடைக்கும். இன்னொன்று மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். கரைந்து வந்த சர்க்கரையை இழைகள் உறிஞ்சிக்கொள்ளும். கோழியால் செய்ய முடியாத வேலையை இப்படிப் பூஞ்சை முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யும் முறை அப்படியொன்றும் கடினமானதன்று. தோலைக் கழுவிச் சிறு துண்டுகளாக்குகிறார்கள். மிகுதியான நீரைப் பிழிந்தோ உலர்த்தியோ குறைக்கிறார்கள். பதம் தெரிந்துகொள்ளக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கலாம்: விரல் ஈரமாக வேண்டும், நீர் சொட்டக்கூடாது. பிறகு ஆவியில் வேகவைத்து, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொல்கிறார்கள். ஆறியதும் நைட்ரஜன் உள்ள உப்பைச் சிறிதளவு சேர்த்து, பூஞ்சையின் வித்துகளைக் கலந்து, தட்டுகளில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புகிறார்கள். 30 பாகை செல்சியஸ் அளவான சூடு பல பூஞ்சைகளுக்கு ஏற்றது. அது சிங்கப்பூரில் இலவசமாகவே கிடைக்கிறது! மூன்று முதல் ஐந்து நாளில் தட்டு முழுவதும் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். அதை உலர்த்திப் பொடித்தால் தீவனப்பொடி கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது வெப்பம். பூஞ்சை மூச்சுவிடும், மூச்சுவிடும்போது சூடு உண்டாகும். அடுக்கு தடிமனாக இருந்தால் நடுவில் உள்ள சூடு வெளியேற வழியின்றி, பூஞ்சை தன் சூட்டிலேயே வெந்து மடியும். சிறு தட்டில் வெற்றி பெற்ற ஆய்வுகள் பல பெரிய தொட்டிக்கு மாறியதும் தடுமாறியது இதனால்தான்.

இப்போது நைட்ரஜனுக்கு வருவோம். இந்தப் பாடத்தில் மிக முக்கியமான இடம் இதுதான் என்பேன். சர்க்கரையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உண்டு. புரதத்துக்கு நைட்ரஜனும் தேவை. இல்லாததைப் பூஞ்சையாலும் உருவாக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பழத்தோலில் 85 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சுவது 15 கிலோ உலர்பொருள். அதில் 6 விழுக்காடு புரதம் என்றால் 0.9 கிலோ. பூஞ்சை வளரும்போது 3 கிலோ சர்க்கரையை மூச்சாக, அதாவது கரியமில வாயுவாகவும் நீராகவும், வெளியேற்றிவிடுகிறது. இப்போது இருப்பது 12 கிலோ. நைட்ரஜன் எதுவும் சேர்க்காவிட்டால் அதில் உள்ள புரதம் அதே 0.9 கிலோதான். ஆனால் விழுக்காடு 7.5 ஆகிவிட்டது! ஒரு கிராம் புரதம்கூடப் புதிதாக உண்டாகாமலேயே எண் உயர்ந்துவிட்டது.

அம்மோனியம் சல்ஃபேட் போன்ற உப்பின் வழியாக 150 கிராம் நைட்ரஜனைச் சேர்த்து, அதைப் பூஞ்சை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டால் நிலைமை வேறு. ஏறத்தாழ 0.9 கிலோ புரதம் புதிதாக உருவாகும். மொத்தம் 1.8 கிலோ. அதாவது தீவனத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. தவிட்டின் அளவை அது எட்டிவிடுகிறது, புண்ணாக்கை எட்டவில்லை. சோயாப் பால் பிழிந்தபின் எஞ்சும் சக்கையில் புரதம் அதிகம். அதைப் பழத்தோலோடு கலந்தால் உப்பின் தேவை குறையும். சோயாச் சக்கைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

‘புரதம் இரு மடங்காகிவிட்டது’ என்று ஓர் அறிக்கையைப் படித்தால், அதை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜோஹன் கெல்டால் என்ற வேதியியலாளர் 1883இல் ஒரு முறையை வெளியிட்டார். அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கும். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த எண்ணை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தின் அளவு என்று கூறுவார்கள். எளிய முறைதான். ஆனால் பூஞ்சை உண்ணாமல் விட்ட உப்பும் அந்த அளவையில் ‘புரதம்’ என்றே எண்ணப்பட்டுவிடும். ஒரு கிராம் யூரியா ஏறத்தாழ மூன்று கிராம் புரதம்போலத் தோன்றும். இந்த ஓட்டையை மனசாட்சியின்றிப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமின் கலக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பால்மாவைக் குடித்த ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர்.

எந்தப் பூஞ்சை என்பதும் உயிர் சார்ந்த கேள்வி. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை சுரந்த நஞ்சே காரணம் என்று பிறகு தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இதில் வியப்பு என்னவென்றால், அதன் நெருங்கிய உறவான அஸ்பர்ஜில்லஸ் ஒரைசேதான் சோயா சாஸ் தயாரிக்கப் பயன்படுகிறது. ஒன்று சமையலறைக்கு நண்பன். மற்றொன்று கோழிப் பண்ணைக்கு எமன். ஆகவே தானாகப் பூசணம் பிடித்த பழத்தை எடுத்து, “இதுவும் நொதித்ததுதானே” என்று விலங்குகளுக்குக் கொடுக்கக்கூடாது. தேர்ந்தெடுத்த பூஞ்சையைச் சுத்தமான தோலில் வளர்ப்பது வேறு. அழுகலில் தானாக வந்ததை ஏற்பது வேறு.

இந்த எண்ணம் புதியதன்று. முதல் உலகப் போரின்போது இறக்குமதி தடைபட்ட ஜெர்மனியில், சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகில் ஈஸ்ட்டை வளர்த்து உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்தினார்கள். ஈஸ்ட்டும் பூஞ்சையே. பின்லாந்தில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து, காகிதக்கூழ் ஆலையின் கழிவுநீரில் ஒரு பூஞ்சையை வளர்த்துப் ‘பெக்கிலோ’ என்ற தீவனப் புரதத்தைத் தயாரித்தார்கள். பன்றிகளும் கோழிகளும் அதை உண்டு வளர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் அந்த வகைக் கூழ் ஆலைகள் மறைந்தபோது பெக்கிலோவும் நின்றுபோனது. பூஞ்சை தோற்கவில்லை, அதற்கு இரை கிடைக்கவில்லை.

சிங்கப்பூரிலும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லியம் சென்னின் குழு, பியர் ஆலைகளில் எஞ்சும் பார்லிச் சக்கையைப் பூஞ்சையால் நொதிக்கச் செய்து, ஈஸ்ட் வளர்வதற்கான ஊட்டநீராக மாற்றியது. டுரியான் தோலிலிருந்து காயத்துக்குப் போடும் கட்டு தயாரிக்கும் முறையை 2021இல் வெளியிட்டதும் அதே குழுதான். தீவனத்தைப் பொறுத்தவரை, அப்பல்கலைக்கழகமும் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. சோயா பதப்படுத்தும் நிறுவனத்தின் கழிவுநீரில் நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றின் புரதத்தைக் கொடுவா மீன்களுக்குக் கொடுத்தார்கள். அந்த மீன்களின் தீவனத்தில் மீன்தூளின் பாதிக்குப் பதிலாக இந்தப் புரதம் இருந்தது. 24 நாள்களுக்குப் பிறகு பார்த்தபோது, வழக்கமான தீவனம் உண்ட மீன்களைப்போலவே அவையும் வளர்ந்திருந்தன. அந்த ஆய்வில் வேலை செய்தவை பூஞ்சைகள் அல்ல, பாக்டீரியாக்கள். ஆயினும் கழிவிலிருந்து நுண்ணுயிர், நுண்ணுயிரிலிருந்து மீன் என்னும் வழி ஒன்றே.

கொடுவாவுக்கு இது ஏன் முக்கியம்? அது ஊன் உண்ணும் மீன். பண்ணையில் அதை வளர்க்க, கடலில் பிடித்த நெத்திலி போன்ற சிறு மீன்களை அரைத்துத் தூளாக்கிக் கொடுக்கிறோம். மீனை வளர்க்க மீனையே பிடிக்கிறோம்! நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். உள்ளூர் முட்டை, உள்ளூர் மீன் என்று மகிழும்போது, அந்தக் கோழிக்கும் மீனுக்கும் வேண்டிய தீவனம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. சோளமோ சோயாவோ பயிரிட நமக்கு நிலம் ஏது?

அப்படியானால் தேக்காவின் வாளிகளை நாளைக்கே பண்ணைக்கு அனுப்பிவிடலாமா? தடை ஆய்வுக்கூடத்தில் இல்லை என்றே தோன்றுகிறது. நாம் போட்ட கணக்கில் 100 கிலோ தோலிலிருந்து 12 கிலோ தீவனம்தான் கிடைத்தது. 85 கிலோ தண்ணீரை லாரியில் ஏற்றித் தொலைவுக்குக் கொண்டுசென்றால் எரிபொருள்தான் வீணாகும். சந்தைக்கு அருகிலேயே பிழிந்துவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் வெட்டிய பழத்தோல் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். ஆகவே தாமதிக்கவும் முடியாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் கலப்பு. தேக்காவில் ஈரச்சந்தையும் உணவங்காடிக் கடைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றன. பழக்கடையின் வாளியில் தோல் மட்டுமே இருக்கும். சாப்பாட்டு மேசைகளிலிருந்து வரும் தொட்டியில் பிரியாணி எலும்பு, மெல்லிழைத்தாள், உறிஞ்சுகுழல், மீன்முள் எல்லாம் கலந்திருக்கும். இறைச்சி கலந்த மிச்சத்தைத் தீவனமாக்குவதில் ஆபத்து உண்டு. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய், சரியாகக் கொதிக்க வைக்காத உணவு மிச்சங்களைப் பன்றிகளுக்குக் கொடுத்த ஒரு பண்ணையிலிருந்து தொடங்கியதாகக் கண்டறியப்பட்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல நேர்ந்தது. அதன்பின் ஐரோப்பாவில் சமையலறை மிச்சத்தைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பதே தடைசெய்யப்பட்டது. கலந்துவிட்ட கழிவை எரிவாயுவாகவோ உரமாகவோ மாற்றலாம், தீவனமாக்குவது எளிதன்று.

உணவுக் கழிவை மிகுதியாக உண்டாக்கும் பெரிய கட்டடங்கள் அதைத் தனியே பிரித்துப் பதப்படுத்த வழிசெய்யும் சட்டத்தைச் சிங்கப்பூர் 2019இல் இயற்றியது. உணவுக் கழிவைப் பிற குப்பையிலிருந்து பிரிப்பது முதல் படி. பழத்தோலை உணவுக் கழிவிலிருந்தும் பிரிப்பது அடுத்த படி. அதைச் செய்ய வேண்டியவர் விஞ்ஞானி அல்லர். விடியற்காலையிலேயே கடை திறந்து, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அன்னாசி செதுக்கிக்கொண்டிருப்பவர். அவர் காலடியில் இடம் குறைவு. இரண்டாவது வாளியை எங்கே வைப்பது, அதை யார் எப்போது எடுத்துச்செல்வது, அதற்காக அவருக்கு என்ன கிடைக்கும்? பன்றிப் பண்ணைக்காரர் தகர டின்னுடன் வந்த காலத்தில், மிச்சத்தைச் சேர்த்துவைத்த வீட்டுக்குப் பண்டிகை நாளில் சில முட்டைகளாவது கிடைத்தன.